யாரும் சாகாத நாவல்

"முத்தம் வந்தாச்சா?"

"கடைசிப் பக்கத்துலதாங்க. முதல்ல கல்யாணம் ஆக வேணாமா?"

நாவலும் கையுமாய் இருந்த ஆர்லீனை இப்படிக் கேலி செய்து, சிரித்துக்கொண்டே சோளக் கிடங்குக்குப் போன கணவன் டெல்மர் உயிரோடு திரும்பவில்லை. அடக்கம் முடிந்து ஒரு வாரமாகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வெளிறிய மதிய வெயில் சமையலறை மேசையில் விழுகிறது. தேவாலய நூலகத்தைக் கவனிக்கும் வெர்னா, அந்தக் காலத்தில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவலொன்றை ஆர்லீன் முன் வைக்கிறாள். அட்டையில் துணித்தொப்பி அணிந்த பெண்ணும் கோதுமை வயலும். "தைரியமாப் படிடி. இதுல யாரும் சாகல. நானே முழுசாப் படிச்சுப் பார்த்துட்டேன்." ஆர்லீன் பிரிக்கிறாள். முதல் பக்கத்திலேயே நாயகி கணவனின் கல்லறையருகே நிற்கிறாள். வெர்னாவின் முகம் சிவக்கிறது. "ஐயோ... அது கதைக்கு முன்னாடிடி. எல்லாக் கதையும் அப்படித்தானே ஆரம்பிக்கும்?" ஆர்லீன் தலையசைக்கிறாள். இப்படி நூறு கதை படித்திருப்பாள். ஒருமுறையும் இந்தப் பக்கத்தில் நின்றதில்லை. விரல் அந்த வரியிலேயே கிடக்கிறது. அடுத்த பக்கத்தில், எப்போதும்போல, புது வாழ்வு தேடி நாயகியின் குதிரைவண்டி மேற்கே புறப்படுகிறது.