எது உங்கள் பெட்டி?

“எக்கோ கீக்கோன்னு நாலு பிளக்-இன் சாஃப்ட்வேர் ஓட்டினா ஒங்க கம்ப்யூட்டர் தாங்குமா தங்கச்சி?” என்று, கோவில்பட்டியில் பாட்டு ஸ்டூடியோ நடத்தும் இசக்கிச்செல்வியிடம் கேட்டார் விற்பனையாளர் பாண்டியராஜன். “பாட்டுக்கு எக்கோ குடுக்குத இந்த எம் பெட்டின்னா அசையாது. வாங்கிக்கிடுங்க, இன்னைக்கு ஒண்ணு விக்கலன்னா என் வேலை போயிரும்.”

“ஒரே பாட்டு ரெண்டு தடவ வரும், ஒரு தடவதான் ஒங்க பெட்டி வழியா. கண்ணை மூடிட்டு ஒங்க பெட்டி எதுன்னு சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்.”

பாட்டு இருமுறை ஒலித்தது.

“ரெண்டாவதுதான்! கோயில் மண்டபத்துல நின்னு பாடுத மாதிரில்லா இருக்கு! மொதல்ல வந்தது ஒங்க ஓட்டைக் கம்ப்யூட்டர்.”

“மொதல்ல வந்ததுதான் அண்ணாச்சி ஒங்க பெட்டி.”

“அப்ப ரெண்டாவது?”

இசக்கிச்செல்வி கொல்லைப்புற ஜன்னலைத் திறந்தாள்.

“ஏட்டி சந்தனமாரி, போதும், வெளிய வா!”

வறண்டு கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து, மைக்கும் கையுமாக ஏறி வந்தாள் பாடகி.

பாண்டியராஜன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.