ஒரு முழம் இடம்

கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்த வருஷம், வண்டிப்பேட்டையில் நெல்வண்டி பின்னால் உருண்டு மாடத்தியைச் சுவரோடு நசுக்கிக் கொன்றது. சக்கரத்தைத் தடுக்கக் கல் நடும் வேலை அவள் புருஷன் கொம்பையாவுக்கே வந்தது.

"சுவரை ஒட்டி நடுலே, வண்டி நெறைய நிக்கணும்" என்றார் பேட்டைக் குத்தகைக்காரர்.

"ஆளு நிக்க எடம் வேண்டாமா அண்ணாச்சி?"

"ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமாலே?"

வீட்டில் தாயில்லாப் பிள்ளை கஞ்சிக்கு அழுதது. சொன்ன இடத்திலேயே நட்டான். விடிந்து பார்த்தால் கல் ஒரு முழம் முன்னால் நின்றது. குத்தகைக்காரர் கன்னத்தில் அறைந்தார்.

"நாளைக்கும் இப்படி நின்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

கொம்பையா காரை ஊற்றிச் சுவரோரம் மறுபடி நட்டான்.

"ஏட்டி மாடத்தி, நவுத்தாத. பிள்ளை பட்டினி கெடக்கு" என்று கல்லிடம் கெஞ்சினான்.

மறுநாள் கல் அசையவில்லை. பாரவண்டியைப் பின்னால் தள்ளினார்கள். கல்லுக்கு ஒரு முழம் முன்னாலேயே சக்கரம் நின்றுவிட்டது. ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ளத் தள்ள, கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே புழுதியில் இரண்டு வெறுங்கால் தடம் பைய ஆழமாகிக்கொண்டே போனது.