பச்சை பட்டன்

அவனைச் சாக விடுவதா, பிழைக்க வைப்பதா என்று லிஃப்ட் மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பச்சை பட்டனுக்கு மேலேயே நின்றது. அழுத்தினால் பிழைப்பான், அழுத்தாவிட்டால் கதை முடிந்தது.

அவர் அழுத்தவில்லை. விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் செல்போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார். திரையில், கையில் கேடயத்தோடு இரும்பன் நாலு பூதங்களிடம் மொத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

பெயர்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இரும்பன்தான் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன். தள்ளி நின்று அம்பு விடும் மின்மினி, மகள். ரெண்டு பேரும் பழகினதே இந்த ஆன்லைன் விளையாட்டில்தானாம். "ரொம்ப நல்லவர்ப்பா, நம்புங்க" என்று ஒரு வாரமாகக் கெஞ்சுகிறாள்.

நம்புவதாவது! கம்பியை இழுத்துப் பார்க்காமல் காலி லிஃப்டைக்கூட மேலே அனுப்பாத மனுஷன் அவர். பெற்ற பெண்ணை அனுப்பிவிடுவாரா? சாயங்காலம் பையன் வீட்டுக்குப் போன் போட்டு, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். அதற்குள் ஆளை எடைபோட்டுவிட வேண்டும்.

கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்தான் விளையாட்டைச் செல்போனில் ஏற்றி, 'பொறுமை' என்று ஒரு பொய்ப் பெயரும் வைத்து, மகளுடைய குழுவில் அவரை நுழைத்துவிட்டார்.

"டாங்கா, ஹீலராண்ணே? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அப்படின்னா?"

"டாங்க் முன்னாடி நின்னு எல்லா அடியையும் வாங்குவான். ஹீலர் பின்னாடி நின்னு, அடிபட்டவனுக்கு உயிர் ஏத்துவான். பச்சை பட்டன் அழுத்தினா போதும்."

"ஏத்தாம விட்டா?"

"விட்டா செத்துருவான். எதுக்குண்ணே விடணும்?"

"ஹீலரே போடு" என்றார். ஒருத்தன் உயிர் நம் கையில் இருந்தால் அவன் சாயம் தானாக வெளுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆனால் வெளுக்கக் காணோம். அடி வாங்கி வாங்கி உயிர் ஊசலாடும்போதும் இரும்பன் கோபப்படவில்லை. 'பொறுமை, நீங்க புதுசுதானே? பயப்படாம என் பின்னாடியே நில்லுங்க' என்று எழுதி அனுப்பினான்.

நடிக்கிறான். இவ்வளவு பதவிசாகப் பேசுகிறவனை நம்பவே கூடாது.

மின்மினிதான் பொரிந்து தள்ளினாள். 'யோவ் பொறுமை! கண்ணு அவிஞ்சு போச்சா? பச்சையை அழுத்துய்யா, சாகப் போகுது!'

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வாய் அப்படியே இருக்கிறது என் பெண்ணுக்கு! அவளுக்காகப் போனால் போகிறதென்று ஒரு தடவை பச்சையை அழுத்தி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து பூதங்களின் தலைவன் வந்து சேர்ந்தான். பனைமர உயரம், கையில் உலக்கை மாதிரி ஒன்று. மெக்கானிக்குக்கு நாக்கு உலர்ந்துபோனது.

"கண்ணு, ஒரு டம்ளர் தண்ணி கொடேன்!" பழக்க தோஷத்தில் குரல் கொடுத்துவிட்டார்.

"இதோப்பா!"

மகள் அரக்கப்பரக்கத் தண்ணீரோடு வந்தாள். அவர் சட்டென்று செய்தித்தாளை மூக்கோடு ஒட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் நல்ல பதிலா சொல்லிடுவீங்கல்லப்பா?"

"பாக்கலாம், பாக்கலாம். நீ போ."

அவள் போனதும் திரையைப் பார்த்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பன் கேடயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றான். தலைவன் ஓங்கி ஓங்கி அடிக்கிறான். தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

ஆக, நிஜமாகவே ஆபத்து வந்தால் ஐயா இப்படித்தான் கைகட்டி நிற்பார். தெரிந்துபோயிற்று! மெக்கானிக் விரலைக்கூட அசைக்கவில்லை. இரும்பன் பொத்தென்று விழுந்தான்.

உள்ளே மகளின் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி மின்மினி பாய்ந்து முன்னால் வந்தாள். வில்காரர்கள் முன்னால் வரவே கூடாது, ஒரு அடிகூடத் தாங்க மாட்டார்கள் என்று எலக்ட்ரீஷியன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ விழுந்து கிடந்தவனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

'நீ எழுந்திரிக்கிற வரைக்கும் நான் நிக்கறேன்' என்று எழுதினாள்.

மெக்கானிக் பதறிப்போய்ப் பச்சையை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். அதற்குள் உலக்கை இறங்கிவிட்டது. மின்மினி சுருண்டு விழுந்தாள்.

செய்தித்தாளைத் தூக்கி எறிந்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையன் வேணாம்மா. வேணாம்னா வேணாம்."

"ஏம்ப்பா? அவர் என்ன பண்ணாரு?"

"பொறுமைன்னு ஒரு ஹீலர் வந்தானே, அது நான்தான். எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டேன்."

மகள் வாயைப் பிளந்தாள். "அந்த ஆளு நீங்களா?"

"ஆமா, நானேதான். உன் நல்லதுக்குத்தான் வந்தேன். ஆபத்துன்னதும் இரும்பன் மரமா நின்னான், விழுந்தான். நீ அவனுக்காக ஓடிப்போய் உயிரையே விட்ட." அவர் மேசையைத் தட்டினார். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, உனக்காக எவன் வந்து முன்னாடி நிப்பான்? நீயே சொல்லு!"

மகள் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். அவர் அதை இன்னும் தொடக்கூட இல்லை.

"அப்பா... இரும்பன் நான்தான்."