கடைசி வௌவால்

"மேடம், இந்த ஆளு பையில சரவெடி வச்சிருக்காரு!"

ரேகா, வழிகாட்டியாக வந்த அருள்மொழியின் காதில் கிசுகிசுத்தாள். வேன் ஊருக்குள் போகாமல் ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது. சிதம்பரத்திலிருந்து வௌவால் பார்க்க வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஆலமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ரேகாவின் கண் மட்டும் பக்கத்தில் நின்ற பெரியவரின் மஞ்சள் பையிலேயே இருந்தது.

அருள்மொழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மரத்துல ஒரே ஒரு வவ்வாலு இருந்தாக்கூட இந்த ஊர்ல வெடி, மேளம் எதுவும் கிடையாது. தீவாளிக்குக்கூட சத்தம் கேக்காது" என்று இப்போதுதான் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தாள்.

"ஐயா, பையில என்ன?"

"வெடிதாம்மா. பயப்படாதீங்க, நானும் இந்த ஊருதான். எல்லாம் பறந்து போவட்டும்னுதான் நிக்கிறேன்."

குளித்துவிட்டு அப்படியே வந்தவர்போல ஈர வேட்டி. மேலே சட்டை இல்லை.

பொழுது சாய்ந்தது. ஒரு வௌவால் கிளையை விட்டு எழுந்தது. பின்னாலேயே பத்து, நூறு என்று வானம் கறுத்துப் போனது. எல்லாரும் வாய் பிளந்து நிற்க, பெரியவர் மட்டும், "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்மா?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

"எனக்கில்லம்மா, என் சம்சாரத்துக்கு. முதுநகர்ல பொறந்தவ. வெடின்னா உசுரு. இங்க வாக்கப்பட்டு நாப்பது தீவாளி ஆச்சு, ஒரு ஊசி வெடி சத்தம் கேட்டதில்ல. ‘எனக்காக ஒரு சரம் கொளுத்துய்யா’ம்பா. தோ அடுத்த வருசம், தோ அடுத்த வருசம்னே ஏமாத்திட்டேன்."

"அவ்ளோ ஆசைன்னா அவுங்க அம்மா ஊட்டுக்காவது கூட்டிட்டுப் போயி வெடிச்சிருக்கலாமே!"

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. "செஞ்சிருக்கலாம். தோணாமப் போச்சும்மா."

வெடுக்கென்று பேசிவிட்டோமே என்று ரேகாவுக்குச் சங்கடமாக இருந்தது. பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள்.

"வேணாம்மா. காலையிலேருந்து பல்லுல பச்சத் தண்ணி படல. இறங்காது."

மரத்தில் கடைசியாக ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அது லேசில் அசையவில்லை. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அதுவும் சிறகை விரித்து, ஏரியைத் தாண்டி முந்திரித் தோப்புப் பக்கம் பறந்தது.

"அவ்ளோதாங்க ஐயா. மரம் காலி" என்றாள் அருள்மொழி.

பெரியவர் ஊர்ப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்தி ஆட்டினார். பிறகு குனிந்து சரவெடியைத் தரையில் விரித்தார்.

அதுவரை மூச்சுவிடாமல் காத்திருந்த தெருவில் மேளம் அதிர்ந்தது. பூப்பாடையில், நாலு பேர் தோளில், முதுநகர்க்காரி வந்துகொண்டிருந்தாள்.