இஞ்சின் அறைக்கு ஒரு வாட்ச்

"ரப்பர் பட்டை போட்டதா எடும்மா" என்றாள் நெனிதா. "தோல் வேண்டாம், எண்ணெயில ஊறிப் போயிடும். ஸ்டீல் வேண்டவே வேண்டாம், சூட்டுல கையைச் சுட்டுடும்."

கடைப்பெண் பக்கத்தில் நின்ற ஆர்செனியோவைப் பார்த்தாள். வாட்ச் கட்டப்போகிறவன் அவன். பேசுவதெல்லாம் அவன் மனைவி.

"அண்ணன் கப்பல்லயா அக்கா?"

"இஞ்சின் ரூம்ல."

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தெருவுக்குப் பத்துப் பேர் கடலில் இருக்கும் ஊர். கடைப்பெண் மறுபேச்சில்லாமல் கீழ்த்தட்டிலிருந்து கறுப்பு வாட்சுகளாக எடுத்து அடுக்கினாள்.

நெனிதா ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஆனால் அந்த இஞ்சின் அறை அவளுக்குச் சமையலறை மாதிரி. அந்தச் சத்தத்தில் சாதாரண அலாரம் காதில் விழாது, அதிர்கிற அலாரம் வேண்டும். மின்சாரம் போய்விட்டால் கும்மிருட்டு, பொத்தானை அமுக்கினால் எண்கள் ஒளிர வேண்டும். எல்லாம் அவன் தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டது.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வாட்ச் உயிரை விடும். அடுத்த பயணத்துக்கு முன்பு இருவரும் வந்து புதிதாக ஒன்று வாங்குவார்கள்.

அவர்கள் வீட்டில் புறப்படும் தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வா, ஒரு வாட்ச் வாங்கிட்டு வரலாம்" என்பான் ஆர்செனியோ. அவ்வளவுதான். அவள் புரிந்துகொள்வாள்.

இன்று காலை, கருவாடும் பூண்டுச்சோறும் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னான்.

"சரி" என்று சிரித்துவிட்டு அறைக்குள் போனவள், உடை மாற்றுவதற்கு முன்னால் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு முன்பே சந்தேகம்தான். மணிலாவிலிருந்து கப்பல் கம்பெனிக்காரர்கள் இந்த வாரம் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு முறையும் அவன் கொல்லைப்புறம் போய்ப் பேசினான். காதில் எதுவும் விழுந்துவிடக் கூடாதென்று அவள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

மறுபடியும் கடலில் ஒன்பது மாதம். இந்தத் தடவை அவனுடைய குறட்டை கூடப் பழகிப்போயிருந்தது. பழக விட்டதுதான் தப்பு.

ஒரு வாட்சைக் கையில் எடுத்தாள். முகம் தெளிந்தது.

"இதைப் பாரு. மேல கப்பல் நேரம், கீழ நம்ம வீட்டு நேரம். நடுராத்திரி போன் பண்ணி, தூங்கிட்டியான்னு என்னை எழுப்பிக் கேட்க வேண்டாம்."

"ரெண்டு நேரம் வேண்டாம்" என்றான் ஆர்செனியோ. "ஒண்ணு போதும்."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் இப்போது மணி என்ன, அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டாமாமே.

"சரி, அதிர்ற அலாரமாவது?"

"அதுவும் வேண்டாம்."

அவன் எடுத்தது ஒரு ஓரத்தில் கிடந்த சாதாரண வாட்ச். பெரிய எண்கள், தடித்த பிளாஸ்டிக், வேறு ஒரு வித்தையும் இல்லை.

"பள்ளிக்கூடப் பையன் கட்டுறது அது" என்றாள் நெனிதா.

"உழைக்குமில்ல?"

"அண்ணே, அதைச் சுவத்துல அடிச்சாலும் சுவருக்குத்தான் சேதம்" என்றாள் கடைப்பெண்.

"உப்புத்தண்ணி தெறிச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"வெயில்ல நம்பர் தெரியுமா?"

"வெளியில போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

அவன் அதைக் கையில் கட்டிக்கொண்டு கடை வாசலில் இறங்கினான். உச்சி வெயிலில் கையை நீட்டி, இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

நெனிதா பேரத்தை ஆரம்பித்திருந்தாள். "என்னம்மா, பெட்டியில போட்ட விலையையா கேட்ப, கொஞ்சம்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

கப்பலின் அடிவயிற்றில் வேலை. பதினெட்டு வருஷமாக இருட்டில் தெரிகிற வாட்சாகத் தேடித் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஏது வெயில்?

கடைப்பெண் விலையைக் குறைத்துச் சொன்னாள். அது நெனிதாவின் காதில் விழவில்லை. அவள் வாசலுக்கு வந்திருந்தாள்.

"ஆர்சென். உனக்கு எதுக்கு வெயில்ல தெரியணும்?"

அவன் வாட்சிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எதிர்த் தீவுக்குப் போற படகு இருக்குல்ல, அதுல இஞ்சினைப் பார்த்துக்க ஆள் கேட்டாங்க. கூரை பாதிதான் இருக்கு. வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "மணிலாக்காரங்ககிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன். விட மாட்டோம்னு மறுபடியும் கூப்பிட்டாங்க. அப்பவும் சொல்லிட்டேன். சம்பளம் கம்மிதான். நீ திட்டுவியோன்னுதான் வாயைத் திறக்கல."

நெனிதா திட்டவில்லை. ஆள் ஏற்றும் ஒரு ஜீப்னி வண்டி அவர்களை உரசுகிற மாதிரி வந்து, ஹாரன் அடித்து, ஏறுவதற்கு ஆளில்லை என்று கண்டு கிளம்பிப் போனது.

"மத்தியானம் படகு இந்தக் கரையிலதான் நிக்கும்" என்றான் அவன். "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்போ தினமும் மத்தியானம் உனக்கு யாரு சமைக்கிறது?"

சண்டைக்கு நிற்கிற மாதிரிதான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.