கடைசித் திருப்பம்

கோவைப் பந்தய வீரன் கௌதமன் விபத்தில் இறந்த பிறகு, அவன் ஓட்டும் விதத்தை அப்படியே கற்றுக்கொண்ட கார் ஆளில்லாமல் உலகப் பந்தயங்களில் ஓடியது. அவன் மனைவி சாருலதா எந்த ஊர்ப் பந்தயமானாலும் கடைசித் திருப்பத்தருகேதான் உட்காருவாள். அங்கே அவன் வேகத்தைத் துளி குறைத்து அவளைப் பார்ப்பான். காரும் அப்படியே குறைத்தது. அந்த உறுமல் தணியும் நொடிக்காகவே அவள் வந்துகொண்டிருந்தாள்.

இன்று ஒரு சுற்றில்கூட உறுமல் தணியவில்லை. கார் முதலிடத்தைப் பிடித்தது.

பொறியாளன் தீபன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அந்தத் திருப்பத்துல மட்டும் அண்ணன் எதுக்கோ தயங்குவாருங்க அண்ணி. எதுக்குன்னே புரியல. நேத்துதான் அதை எடுத்துட்டோமுங்க. இல்லீன்னா ஜெயிச்சிருக்க முடியாதுங்க!"

சாருலதா முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பெரிய திரையில் காட்டினார்கள்.