வெள்ளிக்கிழமைக் கோழி ரசம்

தபசு காலத்து வெள்ளிக்கிழமை, கவுச்சி ஆகாத நாள். சிலுவைப்பாதைக்கு எல்லாருக்கும் முந்திக் கிளம்பிய செல்லப்பாக்கியம், ஜெபப் புத்தகத்தை மறந்துவிட்டதால் பாதி வழியில் லயத்துக்குத் திரும்பினாள். திரும்பாமலே இருந்திருக்கலாம். புண்ணியமாய்ப் போயிருக்கும்.

வீடு சாத்திக் கிடந்தது. மருமகள் பைப்படிக்குப் போயிருப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த வாசனைதான் மூக்கைத் துளைத்தது. மிளகு, பூண்டு... சந்தேகமே இல்லை, கோழி!

"அடி ஆத்தே!" என்று நேரே அந்த அடுப்படிக்குள் நுழைந்தாள்.

பக்கத்து வீட்டுச் சவரியம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை. பெரிய வெள்ளியன்று தோட்டத்துக் கோயிலில் வியாகுல மாதாவுக்குக் கறுப்புச் சேலை கட்டிவிடுவது வருஷா வருஷம் அவள்தான். வேறு யார் கட்டினாலும் கொசுவம் நிற்காது. அப்பேர்ப்பட்டவள் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"என்னடி இது?"

சவரியம்மா சட்டென்று உள்கதவை இழுத்துச் சாத்தினாள். "கோழி ரசம்க்கா."

"அது தெரியுது. இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"ஆண்டவரு சிலுவை சுமந்த நாள்ல உனக்குக் கோழி கேக்குதா? என் மருமகளைப் பாரு. மாசமா இருக்கிறவளுக்கு ஒருசந்தி வேணாம்னு சாமியாரே சொன்னாரு. நான் விட்டேனா? ரெண்டு தடவை தங்காமப் போன வயிறு. இந்தத் தடவையாவது தங்கணும்னுதான் வீட்டோட ஒருவேளைச் சோறுன்னு மாதாகிட்ட நேர்ந்திருக்கேன். அந்தப் பொண்ணு பால் வாளியத் தூக்கி அலைஞ்சிட்டு வந்து பட்டினி கெடக்குறா. உனக்கென்னடி கேடு?"

சவரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசி வந்தா என்னக்கா பண்றது?"

அவ்வளவுதான். ஏதாவது மழுப்பியிருந்தால்கூடச் செல்லப்பாக்கியத்துக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

அது ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிச் சனத்தைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிய வருஷம். கருவாட்டுக்கே திண்டாட்டம். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலையில் சவரியம்மா வீட்டுக் கொல்லையில் கோழி இறகு கிடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் கிடந்தது. அவள் ஆசையாய் வளர்த்த கோழிகள் கூட்டில் குறைந்துகொண்டே வந்தன. நாக்கு எவ்வளவு நீளம் பார்!

செல்லப்பாக்கியம் கங்காணி சம்சாரம். அவள் சொன்னால் கோயிலில் மறுபேச்சு கிடையாது. குருத்து ஞாயிறன்று சனங்கள் கலைவதற்குள் எழுந்து நின்றாள்.

"தபசுல கோழி தின்ன கை மாதா சேலையைத் தொடக்கூடாது. இந்த வருஷம் நான் கட்டுறேன்."

எல்லாரும் சவரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் தொண்டையைக் கனைத்ததோடு சரி. மருமகள் அருளாயி மட்டும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இவளுக்குத்தான் என்ன பக்தி என்று மாமியாருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பெரிய வெள்ளியன்று செல்லப்பாக்கியமே சேலை கட்டினாள். கொசுவம் நிற்கவில்லை. ஊசி குத்தி நிறுத்தினாள். சவரியம்மா வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில் முழங்காலில் நின்றாள்.

பாஸ்குத் திருநாள் முடிந்த வாரமே அவள் வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். ஆயர் ஈத்தாம் ஊர்ப் பக்கம் ஏதோ தோட்டம் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று ஒருத்தரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மோட்ச மாதா திருநாள் கழிந்து அருளாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி மீரா பீவி தூக்கிப் பார்த்து, "அலமாக்! என்னா கனம்!" என்று வியந்தாள்.

"பாத்தீங்களா? ஒருசந்தி வீண் போகல!" செல்லப்பாக்கியம் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஞானஸ்நானத்தன்று காலை, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவளிடம் அருளாயி மெல்லச் சொன்னாள்.

"அத்தை, பிள்ளைக்குச் சவரியம்மான்னு பேரு வைக்கணும்."

"அந்தக் கோழி தின்னி பேரையா? கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு?"

அருளாயி உடைந்து அழுதுவிட்டாள்.

"கோழி தின்னது நான் அத்தை! மத்த நாள்ல பால் வெட்டுற காட்டுல வச்சு அவங்க அவிச்ச முட்டை தருவாங்க. வெள்ளிக்கிழமை நீங்க முன்னாடியே கோயிலுக்குப் போயிடுவீங்க. அப்பதான் நான் அந்த வீட்டுக்குப் போக முடியும். அன்னைக்குக் கதவுக்குப் பின்னால நின்னதும் நான்தான்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடி?"

"சத்தியம் வாங்கிட்டாங்க. 'உங்க அத்தை பேரப்பிள்ளைக்காகத்தான் நேர்ந்திருக்காங்க, அவங்க மனசை உடைக்காதே. பழி என்னோட போகட்டும்'னாங்க. நானும் பாவி, அவங்க ஊரை விட்டுப் போறவரைக்கும் பேசாம இருந்துட்டேன்."

செல்லப்பாக்கியத்துக்கு மடியில் குழந்தை கனத்தது. கோயிலில் எழுந்து நின்று தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. ஓடிப்போய்க் காலில் விழலாம் என்றால், எந்தத் தோட்டத்துக்கு ஓடுவது?

"சரிடி... உனக்குக் குடுத்தா. நான் கண்ணால பாத்தேனே, சட்டி நிறைய. அவளும் கொஞ்சமாவது தின்னிருப்பாதானே?" நாக்குழறக் கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஒரு சொட்டு வாயில படல அத்தை. வளர்த்த கோழியெல்லாம் எனக்கு அறுத்துப் போட்டுட்டு, நாப்பது நாளும் அவங்க ஒருசந்தி."